மாமரம் ஏறச் சந்தோஷப்பட்டேன்

லூர்து, செசிலி, தாசு, மூன்று பேரும் சண்டையை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். உங்கள் தாத்தாவும் மாமாமார்களும் சித்தியும் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சொல்லி, போன கிறிஸ்துமஸுக்கு அதில் வந்த பூனை சிறுத்தையாகிவிட்டது. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அது புலியாகிவிடும். அதற்கு முன்னால், மரத்தில் இருந்தவன் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தெரியாத பாஷையில் ‘சரி’ என்று சொல்வது மிகவும் சுலபம், பிள்ளைகளே. தலையை ஆட்டினால்கூடப் போதும். ‘மாட்டேன்’ என்று சொல்லத்தான் படிப்பு வேண்டும். இது தெரியாமல்தான் உங்கள் அப்பன் அடையாற்றில் ஒரு துரை வீட்டு மாமரத்தில் தொங்கினான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மயிலாப்பூர் மாடவீதியில் என் சித்தப்பா வைத்திருந்த எண்ணெய்க் கடையில் இருந்தேன். அவர் கடையை மூடிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார். நானும் உங்கள் அம்மாவும் சாந்தோமில் உங்கள் தாத்தா வீட்டில் தங்கினோம். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. மீன் குழம்பில் நடுத்துண்டு நமக்குத்தான் விழும். அதை விழுங்கும்போது எல்லோரும் நம் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும்.

உங்கள் தாத்தா அந்தோணிசாமி வாத்தியார் கோவில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொன்னவர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. நான் காலையில் கொஞ்சம் அசந்து தூங்கிவிட்டால், முற்றத்தில் நின்றுகொண்டு காக்காயிடம் பேசுவார்: “மெதுவா கத்து நைனா. மாப்ளே ராத்திரி பூரா வேலை தேடிட்டு இப்பத்தான் கண்ண மூடுனாரு.”

உங்கள் அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. மாம்பலத்தில் அப்போது ஏரியைத் தூர்த்துப் புதிதாகத் தெருக்கள் போட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே கரீம் பாய் என்பவருக்கு இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள சின்ன வீடு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் நடந்தே போய் அதைப் பார்த்தோம். உங்கள் அம்மா நேரே உள்ளே போனாள். சமையலறை ஜன்னலண்டை நின்று வெளியே பார்த்தாள். பிறகு, “இங்க கொழம்பு கொஞ்சம் கரிச்சாலும் கேக்கறதுக்கு ஆளில்ல” என்று மட்டும் சொன்னாள். அவ்வளவுதான், நான் பாயிடம் பேசிவிட்டேன். வேலை கிடைத்ததும் வருகிறோம் என்றேன். அவரும், “நல்லா வாங்க தம்பி, வேற ஆளுக்கு இப்ப குடுக்கல” என்றார்.

ஆக, வேலை வேண்டும். பங்குச் சாமியார் சிபாரிசில் ஒரு இடம் இருப்பதாகத் தெரிந்தது. விளக்கும் கண்ணாடிச் சிமினியும் சீமையிலிருந்து இறக்குமதி செய்யும் ஒரு துரையின் கம்பெனியில் குடோனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. சரக்குகளைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். ஆனால் துரைக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் பேசுகிற ஆள் வேண்டுமாம். நானோ தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது எழுத்துக்கள் மட்டும். (அதிலும் நடுவில் நாலைந்து இடம் மாறும்.)

உங்கள் அம்மா கான்வென்ட்டில் படித்தவள். “நான் சொல்லித் தரேன், கவலப்படாதீங்க” என்றாள். பாடம் அடுப்பங்கரையில் நடந்தது. அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டே சொல்லித் தருவாள். நான் பூனையை விரட்டிக்கொண்டே படிப்பேன். (இது வேறு பூனை.)

“நம்ம தமிழ்ல போக, போறதுக்கு, போகணும்னு வாலு வாலா மாத்திக்கினே இருக்கணும்” என்றாள். “அவங்களுக்கு அந்தத் தொல்லையே இல்ல. முன்னால ஒரு ‘டு’ வெச்சா போதும். டு கோ. டு ஈட். டு ஸ்லீப். ராஜா போனாலும் டு கோ, ரிக்‌ஷாக்காரன் போனாலும் டு கோ.”

“நேத்து போக ஆசப்பட்டேன்னா?”

“அப்பவும் டு கோ தான். ஆச நேத்திக்கு மாறும். டு கோ மாறாது.”

எனக்கு ஒரே ஆச்சரியம். இவ்வளவு சுலபமான பாஷையை வைத்துக்கொண்டா இந்த ஊரையே ஆளுகிறார்கள் என்று தோன்றியது. அன்றிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் ‘டு’ தான். சாப்பாட்டு நேரத்தில் “ஐ வாண்ட் டு ஈட்” என்பேன். “இட் இஸ் டைம் டு வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்” என்பாள் உங்கள் அம்மா, கை கழுவ நேரமாகிவிட்டது என்று. பிறகு “ஐ வாண்ட் டு ஸ்லீப்.” அதைக் கேட்டுக் கேட்டு உங்கள் தாத்தாவுக்குத் தாங்கவில்லை.

“இன்னா பிலோமினா, ஒன் வீட்டுக்காரருக்குத் திங்கறதையும் தூங்கறதையும் மட்டும்தான் சொல்லிக் குடுத்தியா? டு வொர்க்குன்னு ஒண்ணு கீதே, அது ஒங்க கான்வென்ட்ல இல்லியா?”

“எல்லாம் வரும் நைனா. நீங்க போய் நோட்டு திருத்துங்க” என்றாள் அவள்.

இங்கேதான் எல்லா வினையும் தொடங்கியது. நான் கேட்டேன்: “நான் சொல்றது சரி பிலோ. தொரை நீளமா எதுனா கேட்டா எனக்கு எப்டிப் புரியும்?”

கான்வென்ட்டில் தனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு வித்தையை அவள் சொன்னாள். கேள்வி எவ்வளவு நீளமாக வந்தாலும் பயப்படக் கூடாது. முக்கால்வாசிக் கேள்வியில் கடைசியில் ஒரு ‘டு’ வரும். அந்த வாலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் ‘ஐ ஆம் ஹாப்பி’ என்று ஒரு தலையை ஒட்டிவிட்டால் பதில் தயார். டு கம் என்று முடிந்தால், ‘ஐ ஆம் ஹாப்பி டு கம்’, அதாவது வரச் சந்தோஷம். மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டுமானால் ‘க்ளாட்’ என்று இன்னொரு தலையும் உண்டு. மரியாதைக்கு மரியாதை, பதிலுக்குப் பதில்.

“முடியாது, வேணாம்னு சொல்லணும்னா?” என்று கேட்டேன்.

“அது அடுத்த வாரப் பாடம். மொதல்ல சரின்னு சொல்லக் கத்துக்கோங்க. வேலைக்குப் போற எடத்துல யாரு முடியாதுன்னு சொல்லுவாங்க?”

அடுத்த வாரம் வருவதற்குள் துரையிடமிருந்து ஆள் வந்துவிட்டான். காலில் வாத நோய் வந்து துரை கம்பெனிக்குப் போகாமல் அடையாற்றுத் தோட்டவீட்டிலேயே இருக்கிறார், சனிக்கிழமை சாயங்காலம் அங்கேயே வந்து பார்க்கச் சொன்னார் என்று சேதி.

உங்கள் தாத்தா தம்முடைய கறுப்புக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். ஈஸ்டர் பாஸ்கு பூசைக்கும் சாவு வீட்டுக்கும் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும் கோட்டு அது. என் உடம்புக்குக் கொஞ்சம் இறுக்கம். கையை முன்னால் நீட்டினால் முதுகு முனகும். அதோடு, “நீ வழில எங்கனா டு ஸ்லீப் ஆயிடுவ” என்று சொல்லிக்கொண்டு தாத்தாவும் கூடவே கிளம்பினார். கடலோரமாக நடந்து, அடையாற்றுப் பாலம் தாண்டி, ஆலமரங்களுக்கு நடுவில் அந்தத் தோட்டவீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் கேட்டண்டை நின்றுகொண்டார். “உள்ள நான் வந்தா நல்லாருக்காது. நீ போ. நிமிந்து நட.” நான் நிமிர்ந்தேன். கோட்டு முனகியது.

வாசலில் ஒரு பட்லர் இருந்தார். பேர் ரஹீம். நம்மூர்க்காரர். தலைப்பாகை, வெள்ளை உடுப்பு. என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா நைனா, சாவு வூட்டுக்கா?” என்றார். வேலைக்கு என்றேன். “அப்ப சர்தான், ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லி உள்ளே அழைத்துப்போனார்.

துரை ஒரு காலை முக்காலி மேல் நீட்டிக்கொண்டு, வாயில் புகையும் சுங்கானுடன் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் வழியெல்லாம் உருப்போட்டுக்கொண்டு வந்ததை அப்படியே இறக்கினேன்: “ஐ ஆம் க்ளாட் டு ஸீ யூ, ஸார்.” உங்களைப் பார்க்கச் சந்தோஷம். துரை முகத்தில் ஒரு சிரிப்பு. பிறகு அவர் ஏதோ பேசினார். என் காதில் விழுந்தது கடகடவென்று வண்டிச் சத்தம் மாதிரி ஒன்று. கடைசியில் ஒரு வால்: “...டு ஸிட்?”

பிடித்துக்கொண்டேன். “ஐ ஆம் ஹாப்பி டு ஸிட், ஸார்!”

உட்காரச் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு உட்காராமல் நின்றேன். (உட்காருவது எந்த வார்த்தை என்று பிறகுதான் தெரிந்தது.) துரை கையால் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

அடுத்த கேள்விக்கு வால் ‘டு கம் எர்லி’. சீக்கிரம் வரச் சந்தோஷம் என்றேன். அடுத்தது ‘டு ஸ்டே லேட்’. நேரம் கழித்துப் போகவும் சந்தோஷம். துரைக்குத் திருப்தி. எனக்கோ தலைகால் புரியவில்லை. மாம்பலத்துச் சமையலறை ஜன்னலில் எந்த நிறத்தில் திரை போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அதன் பிறகு துரை நீளமாக ஒன்று பேசினார். பாதியில் முகம் சுளித்தார். சுங்கானால் மேஜையைத் தட்டினார். அவர் கேட்டது என்னவென்று ரொம்ப நாள் கழித்துப் பட்லர் சொல்லித்தான் தெரிந்தது. குடோனுக்கு ஆளாளுக்கு வருவார்கள். வண்டிக்காரன் ஒரு சிமினி கேட்பான், குமாஸ்தா ஒரு விளக்கு கேட்பான். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதாக உத்தேசமா என்பது கேள்வி. எனக்குக் கிடைத்த வால்: “...டு கிவ்?”

“ஐ ஆம் ஹாப்பி டு கிவ், ஸார்!” கொடுக்கச் சந்தோஷம்.

துரை சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் புன்னகைத்தேன். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக இன்னொன்று கேட்டார். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன் திருடிவிட்டு ஓடியிருக்கிறான். நீயும் திருடத்தான் வந்திருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்.

“ஐ ஆம் ஹாப்பி டு ஸ்டீல், ஸார்” என்றேன்.

திருடச் சந்தோஷம்! அதைக் கொஞ்சம் சத்தமாகவும், நெஞ்சில் கை வைத்தும் சொன்னேன், பிள்ளைகளே. விசுவாசம் தெரியட்டும் என்று.

துரை முகம் பீட்ரூட் மாதிரி ஆனது. வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து துரைசானி ஓடி வந்தார். கண்ணில் தண்ணீர். கையைப் பிசைந்துகொண்டு தோட்டத்துப் பக்கம் காட்டி என்னென்னவோ சொன்னார். துரைக்குக் கால் சரியில்லை, பட்லருக்கு வயசாகிவிட்டது. துரைசானி என்னைப் பார்த்தார். கெஞ்சுவது போல ஒரு கேள்வி. வால் பளிச்சென்று வந்து விழுந்தது: “...டு க்ளைம்?”

துரை கையைத் தூக்கி ஏதோ தடுக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

“ஐ ஆம் ஹாப்பி டு க்ளைம், மேடம்!”

துரை தூக்கிய கையை அப்படியே கீழே இறக்கிவிட்டு, சுங்கானை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். துரைசானி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினார். வேலை கிடைத்தேவிட்டது என்று எனக்குத் தோன்றியது. பட்லரிடம் மெல்லக் கேட்டேன்.

“ரஹீம் பாய், இப்ப நான் இன்னாத்துக்குச் சந்தோசப்பட்டேன்?”

“மரம் ஏறத்துக்கு” என்றார் அவர்.

“இன்னா மரம்?”

“வா, காட்றேன். அம்மாவோட வெள்ளப் பூன காலைலர்ந்து மேல குந்திக்கினு கீது.”

மாமரம். நம் வீட்டுக் கொல்லையில் இருக்கிற மாதிரி அடக்கமான மரமில்லை, கோவில் கோபுரத்துக்குப் போட்டியாக வளர்ந்த மரம். அதன் நடுக்கிளையில் ஒரு வெள்ளைப் பூனை. நான் எண்ணெய்க் கடையில் வளர்ந்தவன். அதுவரை நான் ஏறியதில் உயரமானது டிராம் வண்டி.

“பாய், எனக்கு மரமேறத் தெரியாதே!”

“அத்த அங்க சொல்லணும் நைனா. நீதான் சந்தோசம்னுட்டியே.”

துரைசானி கைகூப்பாத குறையாக நின்றார். கேட்டுக்கு வெளியே மாமனார். மாம்பலத்தில் சமையலறை ஜன்னல். ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் கிளையில் கோட்டின் முதுகு கிழிந்தது. அது கிழிந்த சத்தம் கேட்டு உங்கள் தாத்தா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். (எந்தக் கோட்டு என்று அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்திருக்கிறது.)

இரண்டாவது கிளையில்தான் செவ்வெறும்புகள். மாவிலைகளை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வாழ்கிற எறும்பு. என் கழுத்து வழியாக அவை கோட்டுக்குள் இறங்கின. நான் “மாதாவே!” என்று அலறினேன். அந்த அலறலில் பூனை மிரண்டு என் தலையில் குதித்து, தோளில் கால் வைத்து, முதுகு வழியாக இறங்கி, அடிமரத்தைப் பிடித்துத் தரைக்குப் போய்விட்டது. ஏணியில் இறங்குகிற மாதிரி அத்தனை நிதானம். துரைசானி அதை வாரி எடுத்து முத்தமிட்டு, என்னைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

நான் மேலேயே இருந்தேன். கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. கையை விட்டால் விழுவேன், கையை விடாவிட்டால் எறும்பு தின்றுவிடும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: என்னால் இறங்க முடியவில்லை. அது அடுத்த வாரப் பாடத்தில் இருந்தது.

துரை தடியை ஊன்றிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். எதிரே என் மாமனார் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து நின்றார். துரை அவரிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். மேலேயிருந்து நான் கத்தினேன்: “ரஹீம் பாய், இன்னா சொல்றாரு?”

பட்லர் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: “இவன் ஒன் ஆளான்னு கேக்கறாரு.”

“மாமா இன்னா சொன்னாரு?”

“யெஸ் ஸார்ன்னாரு.”

துரை மறுபடி ஏதோ கேட்டார்.

“யார் எது கேட்டாலும் இவன் சரின்னுதான் சொல்லுவானான்னு கேக்கறாரு. யெஸ் ஸார்ன்னாரு.”

அடுத்தது.

“உன்ன இப்டியே மரத்துலயே உட்டுடலாமான்னு கேக்கறாரு தொரை.”

“ஐயோ! மாமா இன்னா சொன்னாரு?”

“யெஸ் ஸார்ன்னாரு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. துரை தம் மீசையைத் தடவிக்கொண்டு, ரொம்ப மிருதுவான குரலில் இன்னொன்று கேட்டார். பட்லர் இந்தத் தடவை என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்: “நீயும் இவன மாதிரிதானா பெரியவரேன்னு கேக்கறாரு.”

மாமனார் குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னார். எனக்கு அது மேலேயே கேட்டது. “யெஸ், ஸார்.”

பிள்ளைகளே, உங்கள் தாத்தா பைபிளையே இங்கிலீஷில் வாசிக்கக் கூடியவர். துரை கேட்ட ஒவ்வொன்றும் அவருக்கு நன்றாகப் புரிந்தது. முடியாது, கூடாது என்பதற்கெல்லாம் அவரிடம் வாக்கியம் இருந்தது. அப்படியும் அவர் வாயிலிருந்து அதுதான் வந்தது. நான் மேலேயிருந்து அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்தேன். அதுவரை அந்தத் தலையை நான் மேலேயிருந்து பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது. அதே சமயம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எறும்புக் கடியோடு சிரித்துப் பாருங்கள், கிளை எப்படி ஆடும் என்று தெரியும். துரையும் சிரித்துவிட்டார். கடைசியில் குதிரை லாயத்துக்குப் பின்னாலிருந்து ரஹீம் பாய் ஒரு நீள ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்.

இறங்கி வந்து நான் கேட்டேன்: “ஏணி இருந்துச்சா பாய்? மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“நீ எங்க கேட்ட நைனா? ஓடிப் போய் ஏறிக்கினே.”

துரை எனக்கு எதிராக ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. பட்லரிடம் ஏதோ சொல்லச் சொன்னார். அவர் சொன்னார்: “நீ நல்லவன்தானாம். ஆனா குடோன் வேலைன்னா நாள் பூரா இல்ல, முடியாது, தரமாட்டேன்னு சொல்லிக்கினே இருக்கற வேலயாம். உன்ன வெச்சா ஒரே வாரத்துல கதவையும் சேத்துக் குடுத்துடுவியாம்.”

துரைசானி கடிக்குப் போட ஒரு களிம்பு கொடுத்தனுப்பினார். அதை வைத்துக்கொண்டு, கிழிந்த கோட்டுடன் நான் முன்னால், மாமனார் பின்னால். பாலத்தில் பாதி தூரம் வந்தோம். கீழே ஆறு கடலில் போய்ச் சேர்கிற இடத்தில் மீன் பிடிக்கிறவர்கள் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். அங்கே அவர் நின்றார்.

“மாப்ளே.”

“சொல்லுங்க மாமா.”

“ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தாலும் எனக்கு இதான் வரும். என்னா சொல்லணும்னு ராத்திரியே யோசிச்சி வெச்சிருப்பேன். ஆள் எதிர்ல வந்தா யெஸ் ஸார்.” கொஞ்சம் தண்ணீரைப் பார்த்தார். “மரத்துல விட்டுடலாமான்னு கேட்டப்ப நான் நெனச்சது வேற மாப்ளே. வாயி சொன்னது வேற.”

“தெரியும் மாமா.”

“பிலோமினாகிட்ட இதச் சொல்லாத.”

“சரி மாமா” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். போகிற ஜட்காக்காரன் ஒருவன், “இன்னா பெரியவரே, ரெண்டு பேரும் தண்ணியா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

(சொல்லாதே என்றதை இப்போது எழுதுகிறேனே என்று கேட்காதீர்கள். போன ஈஸ்டருக்கு அவரே எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, யெஸ் ஸார் உள்பட எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டார். இப்போது அவர் கதையில்தான் பூனை சிறுத்தை.)

வீட்டில் உங்கள் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். திருடச் சந்தோஷம் என்ற இடத்தில் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். பிறகு என் முதுகில் களிம்பு தடவும்போது அவள் கை நின்றுவிட்டது. “என் மேலதான் தப்பு. மொதல்ல அந்தப் பாடத்தச் சொல்லிக் குடுத்திருக்கணும்” என்றாள். மாம்பலம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கோட்டை அவள் தைத்தாள். தைத்துக்கொண்டே அடுத்த வாரப் பாடத்தை அன்றைக்கே நடத்தினாள். முடியாது என்பதற்கும் அதே ‘டு’ தான் வரும், முன்னால் தலை மட்டும்தான் மாறும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சரிக்கும் முடியாதுக்கும் ஒரே வால்! என்ன பாஷையோ.

மறுவருஷம் மாம்பலத்திலேயே மரம் விற்கிற ஒரு மரவாடியில் தமிழ் பேசுகிற வேலையே கிடைத்து, நீங்கள் பிறந்த இந்த வீட்டுக்கு வந்தோம். கரீம் பாய் வீட்டில் அதற்குள் வேறு குடும்பம் வந்துவிட்டது. நம் வீட்டில் ஒருவர் ஒரு காரியத்துக்குச் சட்டென்று சரி என்றால், மற்றவர்கள் “பூன எங்க கீது, மொதல்ல பாத்துக்க” என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். செசிலியைப் பெண் பார்க்க யாராவது வரும் காலத்திலும் உங்கள் சித்தி இதைச் சொல்லத்தான் போகிறாள். தயாராக இருங்கள்.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் சொல்லிச் சிரிப்பதில்லை, யாருக்கும் தெரியாது என்பதால்.

திங்கட்கிழமை, வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டு மாம்பலத்துக்கு நடந்தேன். நாங்கள் வரவில்லை, வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கரீம் பாயிடம் சொல்ல வேண்டும். மரியாதைக்கு அதையும் நேரில்தானே சொல்ல வேண்டும்? பாய் ஊரில் இல்லை. வீடு பூட்டியிருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. புது மண்ணும், கட்டிப் பாதியில் நிற்கிற சுவர்களும்தான். நான் சமையலறை ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். கம்பி வழியாகப் பார்த்தால் காலி அடுப்பு மேடை தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல் சொன்னேன்: “வீ ஆர் நாட் ஏபிள் டு கம்.” எங்களால் வர முடியவில்லை.

திரும்பும்போது பார்த்தேன், தெருப்பக்கத்துப் படல் கதவு திறந்து கிடந்தது. ஒரு ஆடு உள்ளே புகுந்து கிணற்றடிக் கீரையை மேய்ந்துகொண்டிருந்தது. அதை ஓட்டினேன். படலுக்குக் கொக்கி இல்லை. என் கைக்குட்டையை எடுத்து இறுக்கக் கட்டிவிட்டு, அது அவிழுமா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.